கடியப்பட்டணத்து மலாகா

"உள்ள போவதுக்கு ஒரு வாசல் வச்சிருக்க, சரி. வெளிய போவதுக்கு எங்கலே வாசல்?"

"சத்தம் போடாதீங்க அக்கா. வந்த வாசல் வழியாவே போவட்டும். யாரு தடுக்கா?"

"மாட்டுக்கு முன்னாலதாம்லே கண்ணு இருக்கு. வந்த வழியே திரும்பிப் போவதுக்கு அது என்ன, குடைய மறந்து வச்சிட்டுப் போன உபதேசியாரா?"

பனந்தடி நட்டுக்கொண்டிருந்த ஆட்கள் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு சிரித்தார்கள். கூலியில்லாத வேலை, இடையில் இப்படி ஏதாவது கிடைத்தால்தான் உண்டு. இஞ்ஞாசிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. கையிலிருந்த படக்கார்டை நேசபாயின் மூக்குக்கு நேரே நீட்டினான்.

"இதப் பாருங்க. இதுல எங்கயாவது ரெண்டு வாசல் தெரியுதா?"

"படம் புடிச்சவன் ஒரு பக்கம்தாம்லே நின்னுருப்பான்! மறுபக்கத்த எவன் பாத்தான்?"

இது நடந்தது மலையாளக் கணக்கில் ஆயிரத்து நூற்றாறு, இங்கிலீஷ் கணக்கில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்று. கடியப்பட்டணம் பெருநாளுக்கு ஒரு வாரம் இருந்தது. ஆனி மாதத்துக் கடல் கரையேறி வந்து ஆளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்ததால், கட்டுமரங்களெல்லாம் மணலில் சும்மா கிடந்தன. சும்மா கிடக்கிற மரமும் சும்மா இருக்கிற ஆணும் ஒரு ஊருக்கு ஆகாது. அதுவும் போதாதென்று இஞ்ஞாசி வந்து சேர்ந்திருந்தான். கப்பலில் கரி அள்ளப் போனவன், ஆறேழு வருஷம் கழித்து ஒரு தகரப்பெட்டியும், ஒரு படக்கார்டும், நடையில் கொஞ்சம் ஆட்டமுமாகத் திரும்பியிருந்தான். வீட்டுத் தரை உறுதியாக இருப்பதுகூட அவனுக்குப் பிடிக்கவில்லை என்று அவன் அம்மையே சொல்லித் திரிந்தாள்.

படக்கார்டில் இருந்தது ஸ்பெயின் தேசத்தில் மலாகா என்கிற துறைமுகம். அங்கே ஒரு பெரிய வட்டக் கட்டடம். சுற்றிலும் படிப்படியாக ஆட்கள், நடுவில் வெறும் மணல். அந்த மணலில்தான் காளை விடுவார்களாம். எங்கே உட்கார்ந்தாலும் எல்லோருக்கும் எல்லாம் தெரியுமாம்.

கடியப்பட்டணத்தில் அதுவரைக்கும் காளை விட்டதற்கு ஒரு முறை உண்டு. ஊர்ச் சிலுவை நிற்கிற குருசடிக்கு முன்னால் மாட்டுக்கு மாலை போட்டு, கொம்பில் ஒரு சிவப்புத் துண்டைக் கட்டி அவிழ்த்துவிடுவார்கள். இரண்டு பக்கமும் ஜனம் நிற்கும். இடையில் பாய்ந்து துண்டை உருவினால் உருவினவன் ஜெயித்தான். தாழம்புதர் மண்டின கைதைக்காட்டைத் தாண்டிவிட்டால் மாடு ஜெயித்தது. தாண்டின மாட்டை அதற்குப் பிறகு யாரும் தொடக்கூடாது. அது அப்படியே ஆற்றங்கரைப் பாதையைப் பிடித்து வீட்டுக்குப் போய்விடும். மாட்டுக்காரனுக்கு வேட்டியும் நேரியலும். அவ்வளவுதான். கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிந்துபோகும். குளச்சலிலிருந்து வந்து நாற்காலி போட்டு உட்காரும் பெரிய மனிதர்கள் மூக்கில் ஏறின புழுதியோடு திரும்பிப் போவார்கள்.

"மாட்ட அவரவர் வீட்டுக்கு வழியனுப்பதுக்கா நம்ம பெருநாள் கொண்டாடுகோம்?" என்று இஞ்ஞாசி கேட்டான். ஊருக்கு அது நியாயமாகப் பட்டது. இரண்டொரு கிழவர்கள் முனகினார்கள். அவர்களை ஒரே வார்த்தையில் மடக்கினான். "இது யாருக்க தேசத்து வழக்கம் தெரியுமா? சவேரியாருக்க தேசம்!"

முடிந்தது. நானூறு வருஷத்துக்கு முன்னால் தலையில் ஞானஸ்நானத் தண்ணீர் ஊற்றின புனிதருடைய சொந்த ஊர் வழக்கம் என்றால், அதற்கு மேல் யார் பேசுவது? கிழவர்கள் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு தங்கள் கட்டுமரங்களையும் கொடுத்தார்கள். பனந்தடிகளை வட்டமாக நட்டு, கட்டுமரத் தடிகளைக் குறுக்கே அடுக்கி, கயிற்றால் வரிந்து கட்டி, நெஞ்சளவு சுவர் எழுந்தது. அதன்மேல் உட்காரலாம், பின்னால் மணலைக் குவித்து மேடாக்கி அங்கேயும் உட்காரலாம். மேற்குப் பக்கம் ஒரு ஒடுக்கமான வழி. அதன் முனையில் உருவிச் சொருகுகிற மாதிரி ஒரு தடி. அதுதான் வாசல். ஊர் அதற்கு மலாகா என்றே பெயர் வைத்துவிட்டது.

கடற்கரைக்காரர்கள் எதையோ கட்டினால் மணவாளக்குறிச்சி புராட்டஸ்டண்டு சபைக்காரி நேசபாய்க்கு என்ன என்று கேட்கலாம். மலாகாவுக்குள் முதலில் இறங்கப்போவது அவளுடைய மயிலைக் காளை.

மயிலையும் செவலையும் ஒரு ஜோடி. மணல் கம்பெனிக்குக் கறுத்த மணல் இழுக்கிற வண்டி. வண்டி ஓடினால் அடுப்பு எரியும். செவலை சந்தையில் வாங்கினது. மயிலை அப்படியல்ல, கொட்டாரம் என்கிற ஊரில் நேசபாயின் தகப்பன் வீட்டுத் தொழுவத்தில் பிறந்து, அவள் கல்யாணத்துக்குப் பிறகு கன்றாக அவள் பின்னாலேயே வந்தவன். வண்டிக்காரர்கள் எல்லோரும் காளைக்குக் காயடித்துவிடுவார்கள். அவள் புருஷன் சத்தியராஜ் மட்டும் மயிலையை அப்படியே விட்டிருந்தான். வருஷத்துக்கு ஒரு நாள் அந்தத் திமிலைக் காட்டி ஊரில் நடக்கலாமே! மூன்று பெருநாளாக மயிலையின் துண்டில் ஒருவன் கை பட்டதில்லை. "எமனாக்கும்" என்று சனம் சொன்னது. சத்தியராஜ் மறுப்பதில்லை.

உண்மை நேசபாய்க்குத் தெரியும். மயிலை எமனுமில்லை, எவனுமில்லை. அதற்குச் சாயங்காலமானால் கஞ்சித்தண்ணீர் வேண்டும். அவ்வளவுதான். தவிடு கலக்கி வைத்து, வாளியின் விளிம்பில் தேங்காய்ச் சிரட்டையால் அவள் நாலு தட்டுத் தட்டுவாள். அந்தச் சத்தத்துக்குத்தான் அது கம்பெனியிலிருந்து ஓடி வரும். பெருநாளன்றும் அதற்குத்தான் ஓடி வந்தது. குறுக்கே விழுந்த வீரர்களையெல்லாம் அது பார்த்தே இருக்காது. ஆனால் மூன்று வேட்டி வாங்கின புருஷனிடம் போய், "உங்க காளைக்கு வீரம் இல்ல, வயிறுதான்" என்று எந்தப் பெண்சாதி சொல்லுவாள்?

ஆகவே வாசலைப் பற்றி மட்டும் சொன்னாள்.

"இஞ்ச பாருங்க. அந்த வட்டத்துக்குள்ள அது எங்க ஓடும்? வீட்டுக்கு வழி தெரியாம சுத்திச் சுத்தி வரும். காலு கையி ஒடிஞ்சா நாளைக்கு வண்டியில நீங்களா பூட்டிக்குவீங்க?"

சத்தியராஜ் சாயாக்கடையில் பத்துப் பேர் முன்னிலையில் வாக்குக் கொடுத்திருந்தான். வாக்குக் கொடுத்த ராத்திரியே அவனும் எழும்பித் தொழுவத்துக்குப் போய் மாட்டின் காலைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் வந்தான். ஆனால் ஆம்பிளை.

"ஏட்டி, உனக்குக் கொட்டாரத்து வயலத் தவிர உலகத்துல என்ன தெரியும்?"

"அது எங்க அப்பா வீட்டுக் கண்ணு."

"உன்னையும்தான் உங்க அப்பா வீட்டுலேருந்து கொண்டாந்தேன். உன்னக் கேட்டா எல்லாம் செய்யுகேன்?"

இதற்குமேல் வீட்டில் பேசிப் பயனில்லை என்று நேசபாய் உபதேசியார் ஜேசுதாசைத் தேடிப் போனாள். சபைக்காரன் காளை விடப் போவது தப்பு என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால், அதைச் சாக்காக வைத்துச் சத்தியராஜ் கழன்றுகொள்வான் என்பது அவள் கணக்கு. உபதேசியார் முழுவதும் கேட்டார். வருத்தப்பட்டார்.

"பாவம்தான் நேசபாய். பெரிய பாவம். ஞாயித்துக்கிழமை பிரசங்கத்துல நல்லா கண்டிக்கேன்."

"காளை விடுறது சனிக்கிழமைல்லா ஐயா?"

"செய்யாத பாவத்த எப்பிடிம்மா முன்கூட்டியே கண்டிக்கது?"

அங்கிருந்து கடியப்பட்டணம் கத்தோலிக்கப் பங்குச்சாமியார் வீட்டுக்கு. வாழ்நாளில் அவள் அந்தப் படி ஏறினதில்லை. ஏறினது தெரிந்தால் சபையில் தனிப் பேச்சாகும். சாமியார் நல்ல மனிதர், ஒரு பழம்கூடக் கொடுத்தார். "குருசடிக்கு முன்னால நடந்தா நான் கேப்பேன். அவங்க கடற்கரையில கட்டியிருக்காங்க. கடல் என் பங்குல வராது" என்றார். பழத்தை வாங்கிக்கொண்டு திரும்பினாள். தின்னவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மீன் வாங்குகிற சாக்கில் மறுபடியும் மலாகாவுக்குப் போனாள். வேலை முடிந்து ஆட்கள் போயிருந்தார்கள். இஞ்ஞாசி மட்டும் வட்டத்தின் நடுவில், மணலில் உட்கார்ந்து படக்கார்டையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான். தனியாக இருந்ததாலோ என்னவோ, அவளைக் கண்டதும் சண்டைக்கு எழும்பவில்லை.

"ஏலே இஞ்ஞாசி, நெசத்தச் சொல்லு. அந்த மலாகாவுல நீ உள்ள போயி இருந்து பாத்தியா?"

அவன் மணலைக் கையால் நிரவினான். "உள்ள போவதுக்குச் சீட்டு எடுக்கணும்னான் அக்கா. வெளிய நின்னேன்."

"வெளிய நின்னு என்னத்தப் பாத்த?"

"மாட்டக் கொண்டு போனதப் பாத்தேன். கறுத்த மாடு. நம்ம மயிலைய விட ஒரு சாண் பொக்கம் கூடுதல். பொறவு உள்ள ஒரே ஆரவாரம். கடல் இரையுத மாதிரி. அந்தச் சத்தம் கேட்டுத்தாம்க்கா எனக்கு நம்ம ஊரிலயும் இப்பிடி ஒண்ணு வேணும்னு..."

"வெளிய வந்ததப் பாத்தியா?"

"ஆளுவ வந்தாவ."

"நான் ஆள கேக்கல."

இஞ்ஞாசி படக்கார்டைத் திருப்பினான், வெற்றுப் பக்கத்தில் ஏதாவது இருக்கும் என்பதுபோல. "அந்தப் பக்கம் வாசல் இருக்கும்னு நெனச்சேன். பின்னால ஒரு வண்டி போச்சு. தார்ப்பாயி போட்டு மூடியிருந்துது. மீனாக்கும்னு நெனச்சேன்."

நேசபாய் திரும்பிக் கிழக்குச் சுவரைப் பார்த்தாள். காற்று கட்டுமரங்களின் இடுக்கில் விசிலடித்தது. மாடு வந்து, திமிலைக் காட்டி, விருந்தாளி மாதிரி வீட்டுக்குத் திரும்பிப் போகிற இடம் என்று இவர்கள் நினைத்துக் கட்டினதற்கு அங்கே வேறு அர்த்தம் இருந்திருக்கிறது. அங்கே மறு வாசல் மறந்துபோனதல்ல. தேவைப்படவில்லை.

"சவேரியாருக்க தேசமாச்சே அக்கா" என்றான் இஞ்ஞாசி, அழுகிற குரலில்.

"அதனாலதாம்லே அவரு இங்கோட்டு வந்துட்டாரு."

நாளைக்குக் காலையில் முதல் வேலையாகக் கிழக்குப் பக்கம் நாலு தடியை உருவி, கைதைக்காட்டுக்கு நேராக ஒரு வாசல் திறந்துவிடுவதாக மாதாவின்மேல் ஆணையிட்டான். நேசபாய் அன்று வீட்டுக்குப் போய் இரண்டு வாய் சோறு தின்றாள்.

இஞ்ஞாசி சொன்னபடி விடியற்காலையில் வந்தான். அதற்கு முன்பே சனம் வந்திருந்தது. முட்டத்துக்காரனும் மண்டைக்காட்டுக்காரனும் முந்தின நாள் சாயங்காலமே கட்டுச்சோற்றோடு வந்து இடம் பிடித்திருந்தார்கள். கிழக்குச் சுவர் முழுக்க ஆள். நடுநாயகமாக, மரம் கொடுத்த கிழவர்களில் ஒருவரான ஏசுஅடிமை, தன்னுடைய சொந்தக் கட்டுமரத்தின்மேல் சம்மணமிட்டு இருந்தார்.

"மாமா, கொஞ்சம் எழும்புங்க. இந்தத் தடிய உருவணும்."

"எதுக்கு?"

"மாடு வெளிய போவதுக்கு வாசல் வைக்கணும்."

"நான் எழும்புனா எனக்க இடத்த நீ தருவியா? போலே. மரம் எனக்க மரம், இருப்பும் எனக்க இருப்பு. அந்தால போயி வை."

அந்தால போனான். அங்கேயும் யாரும் எழும்பவில்லை. ஒருவன் எழும்பினால் அடுத்தவன் நகர்ந்து உட்கார்ந்துகொள்வான் என்று ஒவ்வொருவனுக்கும் தெரியும். வாசல் வைக்கவேண்டியது அவசியம்தான் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். தன் பிட்டத்துக்குக் கீழே வேண்டாம் என்பதுதான் பிரச்சினை. மத்தியானத்துக்குள் இஞ்ஞாசியின் தொண்டை கட்டிப்போனது. மேற்குச் சுவரின் மூன்றாம் தடியில் ஒரு குடை விரிந்திருந்தது. கண்டிப்பதற்கு முன் சரியாகப் பார்த்துக்கொள்ளவேண்டும் அல்லவா? உபதேசியார்தான்.

நேசபாய் வாளியில் கஞ்சித்தண்ணீரோடு வந்தாள். பெண்கள் யாரும் வராத இடம்; பின்னாலிருந்து நாலு பேர் என்னவோ சொன்னார்கள். அவள் காதில் விழவில்லை. கிழக்கே வாசல் இல்லை என்பதைப் பார்த்தாள். சத்தியராஜைப் பார்த்தாள். அவன் மயிலையின் கழுத்துக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒடுக்கவழியின் தலைப்பில் நின்றான். முகம் வெளுத்திருந்தது.

"இஞ்ச பாருங்க, வீட்டுக்குப் போவோம்" என்றாள்.

"இவ்வளவு சனத்துக்கு முன்னாலயா?" என்றான் மெதுவாக. அவளிடம் கேட்கிற மாதிரியே கேட்டான். அவள் ஏதாவது வழி சொல்லமாட்டாளா என்கிற மாதிரி. அவள் மயிலையின் நெற்றியைத் தடவிக்கொடுத்தாள்.

கொட்டு முழங்கியது. தடியை உருவினார்கள். மயிலை உள்ளே போனது.

போனதும் வழக்கம்போல நேரே ஓடினது. எதிரே சுவர். நின்றது. இடப்பக்கம் திரும்பி ஓடினது. சுவர். இறங்கின இளவட்டங்கள் துண்டுக்குப் பாய்ந்தார்கள். அவர்களைத் தோளால் ஒதுக்கிவிட்டு அது சுவரை ஒட்டியே ஓட ஆரம்பித்தது. மாடு வருகிற பக்கமெல்லாம் சுவர்மேல் இருந்தவர்கள் காலைத் தூக்கிக்கொண்டார்கள், போனதும் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டார்கள். சுற்றிச் சுற்றி இந்தக் கால்கள் எழும்பித் தாழ்வது அலை மாதிரி இருந்தது. ஆரவாரம் கடலைவிடப் பெரிதாக இருந்தது. இஞ்ஞாசி மலாகாவில் வெளியே நின்று கேட்ட சத்தம் இதுதான். இப்போது உள்ளே நின்று கேட்டான்.

துண்டை முதல் சுற்றிலேயே ஒரு பையன் உருவிவிட்டான். அதோடு ஆட்டம் தீர்ந்தது. மாட்டுக்கு அது தெரியாதே! கைதைக்காடு வரவில்லை, ஆற்றங்கரை வரவில்லை, வீடு வரவில்லை. ஓடிக்கொண்டே இருந்தது. வாயில் நுரை தள்ளியது. மெல்ல மெல்ல ஆரவாரம் தணிந்து, எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"வாசலத் திறங்கலே!" என்று இஞ்ஞாசி கத்தினான். மேற்கு வாசல்தான். ஆனால் மாடு உள்ளே போனதும், இடம் கிடைக்காதவர்கள் எல்லோரும் அந்த ஒடுக்கவழியில் வந்து நெருக்கிக்கொண்டார்கள். முன்னால் நின்றவன் தடியோடு ஒட்டிப்போயிருந்தான். பின்னால் நின்றவனுக்கு முன்னால் என்ன நடக்கிறது என்று தெரியாது. தெரிந்துகொள்ள இன்னும் தள்ளினான். சத்தியராஜ் நடுவில் மாட்டிக்கொண்டு, இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு நின்றான்.

நேசபாய்க்குத் தெரிந்த வழி ஒன்றே ஒன்று. ஒடுக்கவழிக்குப் பக்கத்தில், சுவருக்கு வெளியே நின்றுகொண்டு, சிரட்டையால் வாளியைத் தட்டினாள். மாடு இந்தப் பக்கம் வந்து வாசலுக்கு எதிரே நின்றுவிட்டால், அதைக் கண்டாவது அந்தக் கூட்டம் விலகி வழி விடும் என்று நினைத்தாள்.

நாலு தட்டு.

மயிலை நின்றது. காதை நிமிர்த்தியது. வட்டத்தின் மறு கோடியிலிருந்து சத்தத்துக்கு நேராக ஓடி வந்தது. வாசலுக்கு வரவில்லை, அதற்கு வாசல் எது, சுவர் எது? நேசபாய் இருக்கிற இடம்தான் வீடு. "வராதலே! மக்கா, வராதலே!" என்று வாளியைக் கீழே போட்டுவிட்டுக் கத்தினாள். வாளி உருண்டு அதுவும் சத்தம் போட்டது. சுவர்மேல் இருந்தவர்கள் இரண்டு பக்கமும் குதித்தார்கள். மயிலை முன்காலைத் தூக்கிப் பாய்ந்தது. நெஞ்சு தடிமேல் விழுந்தது. வலது முன்கால் இரண்டு கட்டுமரத் தடிகளுக்கு நடுவில் இறங்கியது. உடம்பின் பாரம் பின்னால் சரிந்தது.

முருங்கைக் கொம்பு ஒடிகிற மாதிரி ஒரு சத்தம். அவ்வளவு சனத்துக்கும் அது கேட்டது.

அப்போதுதான் எல்லோரும் எழும்பினார்கள். கிழக்கே எழும்பினார்கள், தெற்கே எழும்பினார்கள். ஏசுஅடிமையும் எழும்பினார். ஒடுக்கவழி காலியானது. குடை எப்போது மடங்கியது என்று யாரும் பார்க்கவில்லை. காலை விடுவிக்கக் கயிற்றை அறுத்தார்கள். அறுத்தது அறுத்ததுதானே என்று அவரவர் அவரவர் மரத்தை அவிழ்த்துக்கொண்டார்கள். கடல் வேறு கொஞ்சம் தணிந்திருந்தது. வெயில் சாய்வதற்குள் மலாகா இருந்த இடத்தில் பனந்தடிக் குழிகள் மட்டும் இருந்தன. நடுவில் மயிலை கிடந்தது. இப்போது எந்தப் பக்கம் வேண்டுமானாலும் போகலாம். நேசபாய் அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, சிந்தினது போக வாளியில் மிச்சமிருந்ததைக் கையால் அள்ளி வாயில் விட்டாள். குடித்தது.

அதன் வண்டியிலேயே அதை ஏற்றினார்கள். செவலைக்குத் துணையாக இன்னொரு வண்டிக்காரன் வைகுண்டராஜனுடைய காளையை இரவல் வாங்கிப் பூட்டினார்கள். தூறல் போட்டதால் ஏசுஅடிமை தன் கட்டுமரத்துப் பாயை எடுத்து வந்து மேலே மூடினார். அதைப் பார்த்ததும் இஞ்ஞாசி வாயைப் பொத்திக்கொண்டு கடல் பக்கம் போனான்.

மறுநாள் பிரசங்கத்தில் உபதேசியார் காளையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பொறுமையைப் பற்றிச் சொன்னார். எலும்பு கட்டுகிற ஆசான் வந்து மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார், எண்ணெய் ஊற்றினார். "நிக்கச் சொல்லுங்க, நின்னா பிழைக்கும்" என்றார். சாயங்காலமானால் கம்பெனி வண்டிகள் திரும்புகிற சத்தத்துக்கு அது எழும்பப் பார்க்கும், முடியாது. நேசபாய் வாளியைத் தட்டுவதை நிறுத்திவிட்டாள். ஓசையில்லாமல் கொண்டுபோய் வைப்பாள். வெட்டுக்குக் கேட்டு வந்த ஆளைச் சத்தியராஜ் விரட்டிவிட்டான். அந்த ஒரு காரியத்தில் அவன் பெண்சாதியைக் கேட்காமலேயே சரியாக நடந்துகொண்டான். ஆடி கழிவதற்குள் தென்னையடியில் குழி வெட்டினார்கள்.

ஒற்றை மாட்டை வைத்துக்கொண்டு வண்டிக்காரன் என்ன செய்வான்? செவலையை ஓட்டிக்கொண்டு இரண்டு பேரும் கொட்டாரத்துக்குப் போனார்கள். மாமனார் வீட்டோடு மாப்பிள்ளை போய் இருப்பதைப் பற்றி மணவாளக்குறிச்சியில் இரண்டு மாதம் நன்றாகப் பேசினார்கள், பிறகு அலுத்துவிட்டது. அங்கே சத்தியராஜ் மச்சானுடைய வயலை உழுதான். யாருடைய காளையைப் பற்றியும் வாய் திறந்ததில்லை. அவர்கள் மகள் லீலாபாயை மார்த்தாண்டத்தில் ஒரு வாத்தியாருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். மாப்பிள்ளை வீட்டில் ஒரு கோழிகூட இல்லை என்பதுதான் அந்த இடம் நேசபாய்க்குப் பிடித்ததற்குக் காரணம் என்று கேள்வி.

இஞ்ஞாசி மறுபடியும் கப்பலேறவில்லை. குளச்சல் கிரேசியைக் கட்டி, அங்கேயே ஒரு ஓலை வீடு போட்டான். முன்வாசலுக்கு நேரே பின்வாசல், அதற்குப் பக்கத்தில் இன்னொன்று, அடுக்களைக்குத் தனியாக இரண்டு. நாயும் பூனையும் உள்ளே வந்து அப்படியே மறுபக்கம் போய்விடுகிறதாம். "மனுசன் குடியிருக்கதுக்கு வீடு கட்டச் சொன்னா, இந்த மூதி வழி கட்டி வச்சிருக்கு" என்று கிரேசி கிணற்றில் தண்ணீர் கோருகிற இடத்தில் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். ஏன் அப்படி என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை.